நதியா வீட்டுத் தண்ணீர்

பேராசிரியை மரகதவல்லியிடம் பயின்ற இளம் மருத்துவர்களில் குலசேகரன் கெட்டிக்காரன். கைராசிக்காரன் என்று வார்டில் பெயர் வாங்கியிருந்தான். இதய மருத்துவம் படிக்கப் போகிறான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அவனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. பெரிய மருத்துவமனையில் பேரும் புகழுமாக இருந்தவர் மரகதவல்லி. அதை விட்டுவிட்டு, கொசுவும் சாக்கடையுமாகத் தெருத்தெருவாக அலையும் பொதுச் சுகாதாரத்துக்கு ஏன் வந்தார்? ஒருநாள் கேட்டே விட்டான்.

"நீங்க எதைப் பாத்து மேடம் இந்தத் துறைக்கு வந்தீங்க?"

வாந்திபேதியோடு அவன் வார்டுக்கு வந்த பெண்குழந்தை என்ன ஆனாள் என்று அவர் விசாரித்தார்.

குலசேகரன் முகம் மலர்ந்தது. ஐந்து வயது நதியா. கண் செருகி, நாடி பிடிபடாமல் வந்தவள். நரம்பே கிடைக்காத அந்தக் கையில் எப்படியோ ஊசி ஏற்றி, பக்கத்திலேயே கிடந்து மீட்டவன் அவன். வீட்டுக்கு அனுப்பிய அன்று அவள் தாய் பாக்கியம் அவன் காலிலேயே விழுந்துவிட்டாள்.

"வா, பாத்துட்டு வரலாம்" என்றார் மரகதவல்லி.

நதியா வீடு குறுகலான சந்தில் இருந்தது. தண்ணீர் மேலே ஏறாததால் குழி தோண்டி, அதற்குள் தெருக்குழாயை இறக்கி வைத்திருந்தார்கள். பக்கத்துச் சாக்கடை கசிந்து குழியில் தேங்கி நின்றது. குழாயின் வாய் அதில் பாதி முங்கிக் கிடந்தது. குலசேகரன் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினான்.

பாக்கியத்துக்குத் தலைகால் புரியவில்லை. பாயை உதறி விரித்தாள். வெயிலில் வந்திருக்கிறார்களே என்று குடத்தில் மொண்டு அவனிடம் நீட்டினாள். டம்ளரை வாயருகே கொண்டுபோனவனுக்கு ஏதோ உறைத்தது. எங்கே பிடித்தது என்று கேட்டான்.

"நம்ம தெருக்குழாய்லதான் சார்."

இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று மழுப்பி, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். பாக்கியம் அதை வாங்கி, மடியில் வந்து சாய்ந்த நதியாவிடம் கொடுத்தாள். குழந்தை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்தாள்.

குலசேகரன் பாய்ந்து தட்டிவிட்டான்.

டம்ளர் சுவரில் மோதி உருண்டது. குழந்தை வீறிட்டாள். பாக்கியம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அவனை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முன்பு கும்பிட்டவளின் சாயலே இல்லை.

"எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாது. இருக்கட்டும். எம் பிள்ளையும் குடிக்கக் கூடாதா?"

அப்படியில்லை, இந்தத் தண்ணீர்தான் அன்றைக்கு அவளைச் சாகக் கிடத்தியது, காய்ச்சிக் கொடுக்கச் சொல்லித்தானே அனுப்பினேன் என்று ஏதேதோ சொன்னான்.

"காய்ச்சினது காலையிலயே தீந்துபோச்சு சார். நான் வேலைக்குப் போயிட்டா, தாகம்னு இவ அந்தக் குழாய்லதான் வாய வைப்பா. தெருவுக்கே அது ஒண்ணுதான்." அவள் குரல் தணிந்தது. "வேற தண்ணி எங்க சார் இருக்கு?"

பாடுபட்டு மீட்ட உயிரைத் தன் கையாலேயே கொண்டுவந்து அந்தக் குழிக்குள் இறக்கிவிட்டுப் போனதுபோல் குலசேகரனுக்குப் பட்டது.

திரும்பி ஆசிரியையைப் பார்த்தான். மரகதவல்லி குனிந்து டம்ளரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னை ஏன் பாக்குற?" என்றார். "கேட்டது அவங்க."