கழலை வேடம் போட்ட அழுங்கு

மலையடிக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி. பெயர் செதிலி. சருகு அசைந்தாலே அதற்கு நெஞ்சு படபடக்கும். பயம் வந்தால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தலையை வயிற்றுக்குள் நுழைத்து, வாலால் போர்த்தி, பந்தாகச் சுருண்டுவிடும்.

ஒருநாள் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது சிறுத்தையின் வாடை வந்தது. வளைக்கு ஓட நேரமில்லை. பக்கத்தில் பெரிய வேங்கை மரம் ஒன்று நின்றது. என்றோ அடிபட்ட இடம் புடைத்து, அதன் அடியில் குடம் போலக் கழலை வளர்ந்திருந்தது. செதிலி அந்தக் கழலையோடு ஒட்டிச் சுருண்டது.

சிறுத்தை வந்தது. மரத்தைச் சுற்றி நடந்தது. அதன் மூச்சு செதிலியின் முதுகில் சுட்டது.

"சீ! மரத்துக்குக் கட்டி வந்திருக்கு!" என்று முனகிவிட்டுப் போனது.

செதிலிக்கு உயிர் திரும்பி வந்தது. "இனி இதுதான் என் இடம்!" என்று முடிவு செய்தது. பகலில் வளையில் படுப்பதையே விட்டுவிட்டது. முதுகில் சேற்றைப் பூசியது. பாசியை ஒட்டிக்கொண்டது. அச்சு அசலாகக் கழலை மாதிரியே கிடந்தது.

அதே மரத்தின் பொந்தில் கொண்டையன் என்ற மரங்கொத்தி குடியிருந்தது.

"செதிலி, இங்கே படுக்காதே!" என்றது அது. "நான் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவன். அங்கே ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். நேராக வளர்ந்த மரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழலையாகப் பார்த்து அறுத்துக்கொண்டு போனார்கள்!"

"போங்க அண்ணே! மரத்துக்கு வந்த கட்டி யாருக்கு வேணும்? சிறுத்தையே முகம் சுளிச்சிட்டுப் போச்சு!"

"சிறுத்தை வேறு, மனுஷன் வேறு!"

செதிலி காதில் வாங்கவில்லை.

ஒரு காலையில் சருகுகள் நொறுங்கின. இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் சடையப்பன். மரத்தில் கிண்ணமும் பெட்டியும் கடைகிறவர். பின்னால் ரம்பத்தோடு அவருடைய மைத்துனன் வேலாண்டி.

"மச்சான்! இங்க பாருங்க! ஒண்ணு இல்ல, ரெண்டு கழலை!" என்று கத்தினான் வேலாண்டி.

சடையப்பன் குனிந்து பார்த்தார். செதிலியின் முதுகில் காய்ந்திருந்த சேற்றை விரலால் தேய்த்தார். செதில்களின் வரி தெரிந்தது. செதிலி இன்னும் இறுக்கமாகச் சுருண்டது.

"அடடா, சின்னதோட வரியைப் பார்றா மாப்ளே! இப்படி ஒண்ணை நான் கண்டதே இல்ல. இதுல ஒரு சிமிழ் கடைஞ்சா எப்படி இருக்கும்! முதல்ல பெருசை எடுத்துடலாம். அப்பதான் இதைப் பதமா அறுக்க முடியும்."

ரம்பம் இறங்கியது. கர்... கர்... பக்கத்திலேயே மரம் அலறுவது போல இருந்தது. வேங்கையின் செந்நிறப் பால் செதிலியின் மேல் சொட்டியது. மரத்தூள் மூக்கில் ஏறியது. தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டது.

பெரிய கழலை தொப்பென்று விழுந்தது. அறுத்த முகத்தில் சுழிசுழியாக ரேகை ஓடியது. இருவரும் அதைத் தூக்கிச் சற்றுத் தள்ளி வைக்கப் போனார்கள்.

"ஓடு, செதிலி! இப்போதே ஓடு!" என்று கத்தியது கொண்டையன்.

"அசைஞ்சா கண்டுபிடிச்சிடுவாங்க!" என்று வயிற்றுக்குள்ளிருந்து முனகியது செதிலி. "கழலைன்னு நினைச்சு விட்டுடுவாங்க!"

"பைத்தியமே! கழலைன்னு நினைச்சுதான் அறுக்கப் போறாங்க!"

செதிலிக்குப் புரிந்தது. ஆனால் உடம்பு விரியவில்லை. பயம் அதைப் பூட்டிப் போட்டிருந்தது. அதற்குள் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

ரம்பத்தின் பற்கள் முதுகில் உட்கார்ந்தன. ஒரே இழுப்பு! செதில்கள் பிளந்தன. சதையில் தீ வைத்தது போல எரிந்தது. ரத்தம் கசிந்தது.

"மச்சான், இதுவும் சிவப்பாப் பால் விடுதே!"

இன்னொரு இழுப்பு வந்தால் உயிர் போய்விடும்! செதிலி வீறிட்டுக்கொண்டு உடம்பை விரித்தது.

"ஐயோ மச்சான்! கழலைக்குக் கால் முளைச்சிருக்கு!" வேலாண்டி ரம்பத்தை எறிந்துவிட்டு மல்லாந்து விழுந்தான். செதிலி சரிவில் உருண்டு, முள்ளுக்குள் புகுந்து, தன் பழைய வளைக்குள் விழுந்தது.

வெகுநேரம் கழித்து கொண்டையன் வளை வாசலில் வந்து உட்கார்ந்தது. உள்ளே செதில்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவங்க போயிட்டாங்க, செதிலி."

"அண்ணே, சிறுத்தை என்னைத் தொடக்கூட இல்லையே!"

"அதுக்குக் கழலை வேண்டாம். இவங்களுக்குக் கழலைதான் வேணும்."

முதுகில் அந்த இடத்தில் செதில் பழையபடி வளரவே இல்லை. மழைக்காலத்தில் வலிக்கும்போதெல்லாம் செதிலி வளையின் ஆழத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வருகிற பகை எதைத் தேடி வருகிறது என்று அறியாமல் ஒளிந்துகொள்பவருக்கு, நேற்றுக் காப்பாற்றிய வேடமே இன்று எமனாகும்.