சபைக்கு வந்த சுவர்

கொன்றையூர் ராஜா உக்கிரசேனனுக்குத் தன் அரண்மனையின் உள்பக்கம் மட்டும்தான் தெரியும். வெளியே போனால் திரை போட்ட பல்லக்கு. திருவிழா நாளில் திரையை விலக்கினாலும் வெளிச்சுவர் முழுக்க மாவிலையும் பட்டுத் துணியும் தொங்கும். பிறகு எப்படித் தெரியும்?

வெளிச்சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியது பிரதானி அம்பலவாணரின் பொறுப்பு. அரண்மனைக்கென்று சுட்ட சுண்ணாம்பை எல்லாம் மகள் கல்யாணத்துக்காகத் தன் வீட்டுச் சுவரில் ஏற்றிவிட்டார் அந்த மகானுபாவர். ஊருக்கே தெரியும். ஆனால் பிரதானியைப் பகைத்துக்கொண்டு கொன்றையூரில் யார் குடியிருப்பது?

வாயில்காவலன் சடையாண்டிக்கு மட்டும் அந்த சாமர்த்தியம் போதாது. ஒருநாள் பல்லக்கு வாசலைத் தாண்டும்போது குறுக்கே விழுந்து கும்பிட்டுவிட்டான்.

"மகாராசா! வெளிச்சுவரு பாழாப் போச்சுங்க. கைய வெச்சா மாவா ஒட்டுது. மேலே பச்சை பிடிச்சுக் கிடக்கு. பூச்சு அப்பளமாட்டம் உரியுது. இப்பவே வெள்ளையடிக்கலேன்னா ஐப்பசி மழையில செங்கல்லு ஊறி, சுவரோரம் கடை போட்டிருக்கிற சனங்க மேலேயே விழுந்துடும்!"

பிரதானி பதறிப் போய் ஓடி வந்தார். "பொய், மகாராஜா! சுவர் முத்துப் போல மின்னுகிறது. இவன் அரண்மனையின் மானத்தை வாங்குகிறான்!"

ராஜாவுக்குக் கோபம் மூக்கின் மேல் ஏறியது. "என் அரண்மனையைப் பாழ் என்றா சொன்னாய்? இவனைக் கட்டிப் போடுங்கள்! நாளைக்கே நாடு கடத்துங்கள்!"

சடையாண்டியின் முகம் செத்துப் போயிற்று. அவன் பிறந்ததும் வளர்ந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு பிழைப்பதும் அந்த ஊரில்தான். பாவம், உண்மையைச் சொன்னவனுக்கு இந்தக் கதி.

பல்லக்கோடு வந்த விகடன் விடங்கனுக்கு இது பொறுக்கவில்லை. "மகாராஜா, இறங்கி ஒரு பார்வை பார்த்துவிடலாமே. நாலு அடிதானே?"

"என்ன! சுவரைப் பார்க்க ராஜா போவதா? நாட்டில் யாருக்குக் குறையிருந்தாலும் என் சபைக்கு வந்துதான் சொல்ல வேண்டும். சுவருக்கும் அதே சட்டம்தான். வெள்ளை வேண்டுமென்றால் சுவரே சபைக்கு வந்து நிற்கட்டும்!"

"வந்து நின்றால்?"

"சடையாண்டி பிழைத்தான். நிற்காவிட்டால் அவனோடு நீயும் எல்லை தாண்டு!"

பிரதானி விழுந்து விழுந்து சிரித்தார். "மூட்டை கட்ட ஆரம்பித்துவிடு, விடங்கா!"

மறுநாள் காலை. சபைக்கு உரிய கருநீல அங்கியோடு பிரபுக்கள் எல்லாரும் வெளிவாசலில் கூடி நின்றார்கள். முரசு அடித்தால்தான் கதவு திறக்கும். விடங்கன் நடுவில் வந்து நின்று, தன் மாமியார் வீட்டுக் கிடாவிருந்தில் கிடா தப்பித்த கதையை ஆரம்பித்தான். கிடாவைத் துரத்திய மாமனார் கிணற்றில் விழுந்தார். அவரைத் தூக்கப் போன மச்சான் வேட்டியை விட்டுவிட்டு வந்தான். நின்று கேட்க முடியவில்லை யாருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்கள். பிரதானி சாய்ந்ததோடு நிற்காமல், சிரித்த சிரிப்பில் முதுகைச் சுவரில் அப்படியும் இப்படியும் தேய்த்துக்கொண்டார்.

முரசு முழங்கியது. வரிசைப்படி பிரதானி முன்னால் நடந்தார். பின்னால் வந்தவர்கள் அவர் முதுகைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பெரிய மனிதர் முதுகில் அழுக்கு என்று யார் போய்ச் சொல்வது? சொன்னவன் கதி என்ன என்பதை நேற்றுத்தானே கண்டார்கள்!

கொன்றையூர் சபையில் ராஜாவுக்கு முதுகு காட்டினால் பிரம்படி. வெளியே போகும்போதுகூட எல்லாரும் ராஜாவைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போவார்கள். ஆகவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ராஜாவின் முகம் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"எங்கே விடங்கா, சுவர்?" என்றார் ராஜா.

"கிளம்பிவிட்டது, மகாராஜா. பெரிய உடம்பு. மெல்லத்தான் வரும்."

பிரதானி களுக்கென்று சிரித்தார். "காலா இருக்கிறது அதற்கு?"

"கால் இல்லாவிட்டால் என்ன? தூக்கி வர ஆள் இல்லையா?" என்ற விடங்கன், சட்டென்று வாசல் பக்கம் கையை நீட்டிக் கத்தினான். "அதோ! வந்துவிட்டது! சுவர் வந்துவிட்டது!"

பிரம்படியாவது சட்டமாவது! சுவர் நடந்து வருவதை விட்டுவிட முடியுமா? முழுச் சபையும் எழுந்து வாசலைப் பார்த்துத் திரும்பியது. முதலில் திரும்பியவர் பிரதானி.

ராஜா பார்த்தார். அத்தனை கருநீல அங்கிகளும் முதுகில் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒருவர் முதுகில் பச்சைப் பாசி. இன்னொருவர் முதுகில் பெயர்ந்த பூச்சு பொருக்குப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. பிரதானியின் அகன்ற முதுகிலோ அந்த மூன்றும் குறைவில்லாமல் இருந்தன.

"வாசலில் ஒன்றையும் காணோமே!" என்றார் பிரதானி, திரும்பாமலே.

"வாசலைத் தாண்டி எப்போதோ உள்ளே வந்துவிட்டது, ஐயா. தாங்கள்தான் சுமந்து வந்தீர்கள்," என்றான் விடங்கன்.

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. "சடையாண்டியை அவிழ்த்து விடுங்கள்! அம்பலவாணரே, மழைக்கு முன் வெள்ளையடித்தாக வேண்டும். சுண்ணாம்பு உம்முடையது. அடிக்கிற மட்டையும் உம் கையில்தான் இருக்கும்!"

ராஜாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "அதுமட்டுமா? என் எதிரிலேயே முழுச் சபையும் முதுகு காட்டியிருக்கிறது. எடு பிரம்பை!"

பிரபுக்கள் விடங்கனைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் கூப்பினான்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. தாங்கள் சுவரைத்தானே பார்த்தீர்கள்? முதுகு எங்கே தெரிந்தது?"

ராஜா சிரித்த சிரிப்பில் அரியணையில் சாய்ந்தார். நல்லவேளை, அதற்கு வெள்ளையடித்திருக்கவில்லை.