உச்சி வெயிலில் துவண்ட காசித்தும்பை

மாசிலாமணி முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் துறவியாகப் போனார். முதல் மடத்தில் நாலு மாதம், அடுத்ததில் ஏழு மாதம். இரண்டிலும், "உங்களுக்கு இது ஒத்துவராது" என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவதாக மலையடிவாரத்தில் அமுதவல்லி அம்மையின் ஆசிரமத்துக்கு வந்தார். அம்மைக்கு அவரைவிடப் பதினெட்டு வயது குறைவு.

அம்மை ஒருமுறை பத்து நாள் வெளியூர் கிளம்பினார். முற்றத்தில் இருபத்துநாலு தொட்டிகளில் காசித்தும்பை பூத்திருந்தது.

"காலையில தொட்டிக்கு ஒரு செம்பு தண்ணி. வேற ஒண்ணும் வேண்டாம், கண்டக்டரே."

இரண்டாம் நாள் உச்சிவேளையில் மாசிலாமணி முற்றத்தை எட்டிப் பார்த்தார். இருபத்துநாலு செடிகளும் தண்டு துவண்டு தலை தொங்கிக் கிடந்தன. ஓடிப்போய்த் தொட்டிக்கு ஒரு செம்பு ஊற்றினார். சாயங்காலம் எல்லாம் நிமிர்ந்து நின்றன.

மறுநாளும் தொங்கின. ஊற்றினார். நிமிர்ந்தன. அதற்கப்புறம் பதினோரு மணிக்கே செம்போடு காத்திருந்தார்.

"பிள்ளை பெத்துப் படுத்தப்பகூட என்னை யாரும் இப்படிப் பார்க்கலை" என்றாள் சமையல்கட்டுப் பேச்சியம்மாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் ஐந்து செடிகள் நிமிரவில்லை. அன்றிலிருந்து சாயங்காலமும் ஊற்றினார். எட்டாம் நாள் பதினொன்று. விளக்குமாற்றுக் குச்சிகளை நட்டு, நூலால் கட்டினார். அவசரத்தில் நூல் இறுகி, தண்டு கூழாய் நசுங்கியது. பத்தாம் நாள் பதினேழு.

இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் போக இடமில்லை. மகன் வீட்டுக் கதவு எப்போதோ சாத்தியாயிற்று.

மறுநாள் காலை அம்மை வந்தார். ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். சேற்றிலிருந்து வருவதுபோல் வந்தது. வேர் கறுத்து நாறியது.

"எத்தனை வேளை ஊத்தினீங்க?"

"மூணு, அம்மா."

"நான் சொன்னது?"

"ஒண்ணு. தலை தொங்கிடுச்சு. பயந்துட்டேன்."

"பழுதாகி நின்ன பஸ்ஸை விசிலடிச்சே கிளப்பிடுவீங்களோ?"

'அனுப்பிடாதீங்க' என்று கேட்க நினைத்த மாசிலாமணி, குனிந்து செத்த செடிகளின் குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

அம்மை மிஞ்சிய ஏழு தொட்டிகளையும் வரிசையாக வைத்தார். எதிரே அவரை உட்காரச் சொன்னார். செம்பை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

உச்சிவேளை வந்தது. ஒவ்வொரு தண்டாகத் துவண்டது. மாசிலாமணியின் கை தானாக நீண்டது.

"அம்மா, ஒரே ஒரு செம்பு..."

"உட்காருங்க."

"செத்துடும்மா."

"உட்காருங்க."

மணி ஒன்று. இரண்டு. வேர்வையில் பனியன் நனைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"திறந்து பாருங்க" என்றார் அம்மை.

நாலு மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. முதலில் இலைகள் விறைத்தன. பிறகு தண்டுகள் மெல்ல எழுந்தன. சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

மாசிலாமணி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஏழும் நின்றன.

"அப்போ இத்தனை நாளும் உச்சியில நான் எதுக்கும்மா தண்ணி ஊத்தினேன்?"

"உள்ளே ஒரு பயத்தை வெச்சிருக்கீங்களே, அதுக்கு. அது மட்டும் நல்லா வளர்ந்திருக்கு. நாளைக்கு உச்சியிலயும் தண்ணி கேட்கும். இங்கேயே உட்கார்ந்திருங்க."