ஒரு பார்வைக்கு ஒன்பது பெயர்

“ஒரு பார்வைக்கு ஒன்பது பேர் வெச்சிருக்கா. என்னிக்காவது ஒருநாள், இவ பேர் தேடி முடிக்கறதுக்குள்ள நம்ம கழுத்து போயிடும் பாரு.”

கோரைக்கு அந்தப் பக்கம் முக்குளிப்பான் யாரிடமோ சொல்லிச் சிரித்தான். இந்தப் பக்கம் நின்றிருந்த நெட்டைக்காலியின் காதில் அது விழுந்தது. அவள் கேட்காததுபோல் காலை மாற்றி வைத்து நின்றாள்.

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்த காலத்தில், நெட்டைக்காலி குரலை உயர்த்தியதே கிடையாது. ஏரி நடுவில் கோரை மண்டிய திட்டில்தான் நீர்ப்பறவைகள் எல்லாம் கூடு கட்டியிருந்தன. நீண்ட காலும் கூர்மையான கண்ணும் இருந்ததால் காவல் அவள் பொறுப்பு. எதையாவது கண்டால் கூடு கூடாகப் போய்க் காதோரம் மெதுவாகச் சொல்வாள்.

பார்ப்பது என்பது அவளுக்கு ஒரே செயல் அல்ல. எருமை தண்ணீரை வெறிக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். பருந்து மேலே சுற்றிக்கொண்டே நோட்டம் விடும். தலையைத் தாழ்த்திக்கொண்டால் போதும். கீரி கரையிலிருந்து எட்டிப்பார்க்கும், தண்ணீரைக் கண்டதும் வெட்கப்பட்டதுபோல் திரும்பிவிடும். கொக்கின் ஓரக்கண் மீன்களுக்கு மட்டும்தான் கெடுதல். ஆனால் காட்டுப்பூனை இமைக்காமல் உற்று நோக்கி, வால் நுனியை மட்டும் அசைத்தால், அது குறி. ‘குறி’ என்று அவள் சொல்லிவிட்டால் முட்டையை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

இந்தப் பெயர்கள் வீண் பெருமைக்காக வைத்தவை அல்ல. போன கோடையில் குருட்டுக்கொக்கு எனப்படும் மடையான் ஒன்று, தண்ணீர் குடிக்க வந்த எருமையைப் பார்த்து அலறியது. உச்சிவெயிலில் எல்லோரும் கூட்டை விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது நாமக்கோழியின் ஏழு முட்டைகளும் வெந்துபோயிருந்தன. அதன் பிறகுதான் ஏரியில் ஒரு கட்டுப்பாடு வந்தது: என்ன பார்வை என்று பெயர் சொல்லாமல் யாரையும் கூட்டிலிருந்து எழுப்பக் கூடாது.

இந்தக் கோடையில் நாமக்கோழி மறுபடி ஏழு முட்டை இட்டிருந்தாள். அன்று காலையில்தான் முதல் முட்டையில் விரிசல் விழுந்தது. உள்ளேயிருந்து ‘டொக், டொக்’ என்று சத்தம் வந்தது.

வெயில் ஏறும் நேரத்தில் ஓர் ஆள் கரையில் வந்து உட்கார்ந்தான். கையில் கவணும் இல்லை, வலையும் இல்லை. தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். முகம் கழுவினான். பிறகு கோரைத் திட்டைப் பார்த்தான்.

நெட்டைக்காலி அந்தப் பார்வையைப் பார்த்தாள். வெறிக்கவில்லை. நோட்டமும் இல்லை, கண் அலையவில்லை. குறியும் இல்லை, அவன் உடம்பு தளர்ந்திருந்தது. கொல்லையில் காய் முற்றிவிட்டதா என்று பார்ப்பவன்போல் நிதானமாக, கொஞ்சம் அன்பாகக்கூட அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நாமக்கோழியிடம் போனாள்.

“கரையில ஒரு ஆள் பாக்கறான்.”

“எப்படிப் பாக்கறான்?”

“அதுதான் தெரியலை.”

“தெரியலைன்னா என்னக்கா அர்த்தம்? போன தடவை மாதிரி நான் எழுந்து ஓடணுமா?” நாமக்கோழி முட்டைகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். “இது மூக்கு வெளிய வந்துடுச்சு. இப்ப வெயில் பட்டா செத்துடும். நீ பேரைச் சொல்லு, நான் எழுந்திருக்கறேன்.”

“இரு. பாத்துட்டு வரேன்.”

“சீக்கிரம் பாரு.”

அவள் காவல் நிற்கும் இடத்துக்குத் திரும்பி வந்தபோது கரையில் துண்டு மட்டும் கிடந்தது. ஆளைக் காணவில்லை.

தண்ணீரில் பானைகள் மிதந்துகொண்டிருந்தன. நாலைந்து நாளாகவே அவை அங்கே இருந்தன. யார் விட்டார்கள் என்று தெரியாது. முதல்நாள் எல்லோரும் பயந்தார்கள். மறுநாள் முக்குளிப்பான் ஒரு பானைமேல் ஏறி நின்று, “இது என் வீடு, வாடகைக்கு வேணுமா?” என்று கேட்டான். அதற்குப் பிறகு அவற்றை யாரும் கவனிப்பதில்லை.

நெட்டைக்காலி பானைகளைப் பார்த்தாள். காற்று மேற்கிலிருந்து வீசியது. ஐந்து பானைகள் கிழக்கே ஒதுங்கின. கவிழ்ந்திருந்த ஆறாவது பானை மட்டும் காற்றை எதிர்த்துக்கொண்டு திட்டை நோக்கி வந்தது. அதைச் சுற்றி அலை இல்லை. அதன் வழியில் இருந்த அல்லி இலைகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்து, அது போனதும் எழுந்தன.

பானையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஓட்டைக்கு ஒன்றாக இரண்டு கண்கள்.

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? நோட்டமா? நோட்டம் என்றால் தலையைத் தாழ்த்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். குறியா? குறி இல்லையென்றால் ஏழு முட்டையும் வெயிலில் போய்விடும். அந்தக் கண்கள் இமைக்கின்றனவா என்று அவள் பார்த்தாள். இமைத்தன. அப்படியென்றால் குறி இல்லை. ஒளிந்து பார்ப்பதா? எதிலும் ஒளியாததுபோல் அல்லவா வருகிறது? பானை நாமக்கோழியின் கூட்டுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. பிறகு ஐந்தடி. இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்தால் பெயர் கிடைத்துவிடும் என்று நினைத்தாள்.

நாமக்கோழி கூட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைத்தான் பார்த்தாள். “என்னக்கா?” என்று கேட்டாள்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. நாமக்கோழியின் காலைப் பிடித்தது. சத்தமே இல்லை. அவள் தண்ணீருக்குள் போனாள். மேலே இரண்டு குமிழிகள் வந்தன.

பக்கத்துக் கூட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பானை மெதுவாகத் திரும்பியது. அடுத்த கூடு முக்குளிப்பானுடையது. அவன் முட்டைகள்மேல் உட்கார்ந்து, நெட்டைக்காலியைப் பார்த்து, “என்னம்மா, பேரு கெடைச்சுதா?” என்றான். பானை அவன் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

நெட்டைக்காலி கத்தினாள்.

அதில் வார்த்தை எதுவும் இல்லை. அவளுக்கே தெரியாத ஒரு குரல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. ‘டிட்டிடூ! டிட்டிடூ!’ என்று கத்திக்கொண்டே பானைமேல் பாய்ந்து பாய்ந்து எழுந்தாள். ஏரி முழுவதும் சிறகடித்தது. முக்குளிப்பான் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனான். நீட்டிய கை வெறுங்கூட்டைத் தொட்டது.

ஆள் எழுந்து நின்றான். பானை தலையிலிருந்து நழுவி உடைந்தது. இடுப்புக் கயிற்றில் நாமக்கோழி தொங்கினாள்.

“சனியன் புடிச்ச குருவி! ஆளைக் காட்டிக் குடுத்துடுச்சே!” என்று திட்டிக்கொண்டே கரையேறினான். அவன் கண்ணுக்கு மறையும்வரை நெட்டைக்காலி அவன் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு போனாள். அவளுக்கு ஆள்காட்டி என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

பறவைகள் கூடுகளுக்குத் திரும்பின. நாமக்கோழியின் சேவல் வந்து, விரிசல் விழுந்த முட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டது. முக்குளிப்பான்தான் நீந்தி வந்து கேட்டான்.

“எப்பலேர்ந்து பாத்துட்டிருந்தே?”

“அவன் கரையில வந்து உக்காந்ததுலேர்ந்து.”

“பானையை?”

“அல்லிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே.”

அவன் நாமக்கோழியின் கூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி நீந்திப் போனான்.

கோரைக்குள் அவள் கட்டி முடித்திருந்த கூடு ஒன்று இருந்தது. அதில் இன்னும் முட்டை இடவில்லை. அன்று மாலையே அதை விட்டுவிட்டாள். ஏரிக்கு வெளியே, ஒரு புல்கூட மறைக்காத சரளைத் தரையில், கற்களுக்கு நடுவே முட்டை இட்டாள். அங்கிருந்து பார்த்தால் நாலு பக்கமும் தெரியும்.

மறுநாள் உச்சிவெயிலில் ஓர் எருமை தண்ணீர் குடிக்க வந்தது. அது எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தது. அவள் அதன் கண்ணைப் பார்க்கக்கூட இல்லை. தூரத்திலேயே கண்டு, எழும்பி, ‘டிட்டிடூ! டிட்டிடூ!’ என்று கத்தினாள்.

ஏரியில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. கட்டுப்பாடு அப்போதும் இருந்தது. கீழே முட்டைகள் இருந்தன, மேலே வெயில் இருந்தது. நேற்று அந்தக் குரலால் தப்பிய முக்குளிப்பானை எல்லோரும் பார்த்தார்கள்.

அன்று முதல்தான், மாடானாலும் மனிதனானாலும், யார் எப்படிப் பார்த்தாலும், ஆள்காட்டி கத்துகிறது. அந்தக் குரல் கேட்டதும் அன்று முக்குளிப்பான், “என்ன பார்வை?” என்று கேட்கவில்லை. ஈரப்பாசியை அலகால் இழுத்து, வெயில் படாதபடி முட்டைகளை மூடிவிட்டு, தண்ணீருக்குள் மூழ்கினான்.