மூன்று தட்டு

ரொம்ப காலத்துக்கு முன்னால் மஞ்சாற்றுச் சீமையை விசயகண்டர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆள் நல்லவர்தான். ஆனால் புதுசாக ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், தலைகால் புரியாது. உடனே முத்திரை மோதிரத்தைக் கழற்றிவிடுவார். அந்த மோதிரம் விரலில் இருந்த நேரத்தைவிட அரக்கில் பதிந்த நேரம்தான் அதிகம்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் இருந்தது. ஊர்ச் சாவடி உத்தரத்தில் ஒரு ஓலைக்கட்டு தொங்கும். நீர் இறைக்கும் சக்கரத்தை எப்படிச் செய்வது, மாடு கட்டி எப்படி ஓட்டுவது, எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். கடைசி ஏட்டில் ஒரே ஒரு நிபந்தனை: ‘திருத்தினால், திருத்தியதையும் இங்கே கொண்டுவந்து கட்டு.’

கட்டினார்கள். கூடவே சண்டையும் போட்டார்கள். மாடு இடப்பக்கம் சுற்றணும் என்று ஒரு கட்சி, வலப்பக்கம் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ‘என் சக்கரம் நின்றுபோச்சே’ என்று யாராவது வந்தால், ‘என் கிணற்றில் ஓடுகிறதே!’ என்று கையை விரிப்பார்கள். ஆனாலும் வருஷத்துக்கு வருஷம் சக்கரம் மேம்பட்டுக்கொண்டே வந்தது. அதுதான் வேடிக்கை!

அரண்மனை யந்திர அதிகாரி மார்த்தாண்டனுக்கு இது பொறுக்கவில்லை. ஓலைக்கட்டை அப்படியே படியெடுத்தான்; கடைசி ஏட்டை மட்டும் விட்டுவிட்டான். பட்டுத்துணியில் சுற்றி ராஜாவிடம் நீட்டினான்.

“அடியேன் மூளையில் உதித்தது, பிரபு. ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது.”

ராஜா துள்ளினார். ‘மார்த்தாண்டன் அனுமதி இல்லாமல் இனி எவரும் சக்கரம் சுற்றலாகாது’ என்று முத்திரை விழுந்தது. அன்றைக்கே சேவகர்கள் வந்து ஊர்ச் சக்கரங்களுக்கெல்லாம் சங்கிலிப் பூட்டுப் போட்டார்கள்.

சித்திரை வெயில் வேறு. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பேச்சாயிக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் காணாமல் ஒருநாள் போனால் கொடி துவளும். இரண்டாம் நாள் தலை தொங்கும். மூன்றாம் நாள் சருகுதான். இரண்டு நாள் மார்த்தாண்டன் வாசலில் காத்துக் கிடந்தாள். இரண்டு நாளும் அவன் “நாளைக்கு வா” என்றான். மூன்றாம் நாள் விடிந்ததும் தன் சக்கரத்திலிருந்து எதையோ உருவி மடியில் கட்டிக்கொண்டாள். நேரே ராஜசபைக்கு நடந்தாள்.

“என்னம்மா வழக்கு?” என்றார் ராஜா.

“வழக்கெல்லாம் இல்லீங்க மகாராசா. ஒரே ஒரு சந்தேகம். ஐயா தீர்த்துவெச்சா நான்பாட்டுக்குப் போயிருவேன்.”

மார்த்தாண்டன் மீசையைத் தடவிக்கொண்டான். “கேள், கேள்.”

“மாடு மூணாஞ் சுத்து வரும்போது, நடுத்தூணை மூணு தட்டு தட்டணும்னு ஓலையில இருக்குதே, அது எதுக்குங்க?”

மார்த்தாண்டன் ஒரு கணம் விழித்தான். ஆனால் அவன் விட்டுக்கொடுக்கிற ஆளா?

“உன்னைப்போன்றவர்களுக்குப் புரியாது. இருந்தாலும் சொல்கிறேன். முதல் தட்டு பூமாதேவிக்கு. இரண்டாவது வருண பகவானுக்கு. மூன்றாவது...” ராஜாவை ஓரக்கண்ணால் பார்த்தான். “நம் மன்னர் பெருமானுக்கு! அந்த ஓசை தூணில் இறங்கி, ஆழத்தில் உறங்கும் நீரை எழுப்புகிறது. ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன்.”

“பேஷ்!” என்று ராஜா தொடையில் தட்டினார்.

“தட்டாட்டி என்னாகுங்க?”

“ஒரு சொட்டு வராது!”

“அப்ப மகாராசா, உங்க நந்தவனத்துல ஐயா போட்ட சக்கரத்தைத் தட்டாம ஒருதரம் ஓட்டிப் பாருங்களேன்.”

புதுசாக ஒன்று என்றால் ராஜா விடுவாரா? சபையே பின்னால் ஓடியது. அவரே மாட்டுக்கயிற்றைப் பிடித்தார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. தட்டக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார். நான்கு. ஐந்து. மடமடவென்று தண்ணீர் கொட்டி, ராஜாவின் சரிகை வேட்டி முழங்கால்வரை நனைந்தது.

“வருது! தட்டாமலே வருது!” என்று குழந்தைபோலக் கத்தினார். பிறகு மெல்ல மார்த்தாண்டன் பக்கம் திரும்பினார்.

பேச்சாயி மடியை அவிழ்த்து, கரையான் அரித்த மர ஆப்பு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“எட்டு வருசம் முந்தி அந்த ஓலையை மொதல்ல எழுதினவ நான்தாங்க. எங்கூட்டுச் சக்கரத்துல இந்த ஆப்பு மூணாஞ் சுத்துல நழுவும். தூணைத் தட்டினா உள்ளே போய் நிக்கும். எனக்கு நடந்ததை எழுதிவெச்சேன். எழுதியிருக்குதேன்னு ஊரே தட்டுது. பாத்து எழுதின ஐயாவும் சேத்து எழுதிட்டாரு.”

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராஜாவின் சிரிப்பு மட்டும் பாதியில் கோபமாக மாறியது. மோதிரத்தைக் கழற்றினார்.

“அப்படியென்றால் சக்கரம் உன்னுடையது! இதோ, இனி உன் அனுமதி இல்லாமல் எவரும்...”

“ஐயையோ, வேணாங்க!” பேச்சாயி பதறிப்போனாள். “என் மொதச் சக்கரம் பத்துச் சுத்துக்கு ஒருதரம் ஒடஞ்சது. அச்சுக்கு எண்ணெய் விடுற தடம் தச்சர் மொக்கையன் கண்டது. தண்ணி மொள்ளுற சாலோட சாய்வு குயவர் வீட்டு நாகம்மா சொன்னது. அவுங்க ஓலைக்கட்டுல திருப்பிக் கட்டலேன்னா எனக்கு இன்னைக்குச் சக்கரம் ஏது? அந்த முத்திரையை எங்கிட்டக் குடுத்தீங்கன்னா, அடுத்த வருசம் நானும் வாசல்ல நாலு பேரை நிக்கவெச்சு ‘நாளைக்கு வா’ம்பேன்.”

ராஜா மோதிரத்தைத் திரும்ப விரலில் மாட்டிக்கொண்டார்.

மார்த்தாண்டன் படியெடுக்காமல் விட்ட கடைசி ஏட்டில் இருந்த நிபந்தனையை அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஆப்பை முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

“பரிசு வாங்காமல் போகிறாயே!”

“கொடி காயுதுங்க மகாராசா! பூட்டைத் தொறக்கச் சொல்லுங்க, அது போதும்!” என்று ஓடிக்கொண்டே கத்தினாள்.

மூச்சிரைக்க அவள் ஊர் எல்லையைத் தொட்டபோது பூட்டுகள் எல்லாம் உடைந்து கிடந்தன. ராஜா அனுப்பிய குதிரைச் சேவகர்கள் அவளை முந்தியிருந்தார்கள். ஆப்பைச் செருகி மாட்டைக் கட்டினாள். வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து முதல் வரிசைக் கொடியைத் தொட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொடி பிழைத்துக்கொண்டது.

சாயங்காலம் சாவடிப் பக்கம் ஒரே கூட்டம். கேட்டவருக்கெல்லாம் ஓலைக்கட்டைப் படியெடுத்துக் கொடுக்க வேண்டும், கடைசி ஏடு உட்பட. அதுவே மார்த்தாண்டனுக்குத் தண்டனை. எழுத்தாணியும் கையுமாக அவன் உட்கார்ந்திருந்தான்.

எதிரே வரிசையில் முதல் ஆளாக, நனைந்து காய்ந்த சரிகை வேட்டியோடு, வெற்று ஓலையை ஏந்திக்கொண்டு நின்றவர் ராஜா.

“எனக்கும் ஒன்று எழுதிக் கொடு, மார்த்தாண்டா. கடைசி ஏட்டிலிருந்து தொடங்கு.”