திருஷ்டிப் பழம் வைத்த இடம்

அரிசி ஆலை முதலாளி தெய்வநாயகம் மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும்போது காரில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. டிரைவர் இசக்கி உடனே இன்ஜினை அணைத்தான்.

"நேத்துதான் என் கையாலயே ஆயில் மாத்துனேன். இது திருஷ்டிலே! டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டு வண்டியை எடு. விளக்கு அணையலன்னா நாளைக்கு வேலைக்கு வராத!" என்றார் தெய்வநாயகம்.

"சரி முதலாளி" என்ற இசக்கி, பழத்தை இன்ஜினுக்கு நேர் கீழே வைத்தான். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்க்க, சொட்டுச் சொட்டாக ஆயில் விழுந்து மஞ்சள் பழம் வழுவழுத்தது.

இசக்கி கீழே படுத்து, தளர்ந்திருந்த ஆயில் வடிக்கும் நட்டை இறுக்கினான். குறைந்த ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்தான். விளக்கு அணைந்தது.

"யார் கண்ணு பட்டுச்சுலே?" என்றார் முதலாளியின் மைத்துனர்.

"கண்ணு ஒண்ணும் படல அண்ணாச்சி. முதலாளி கைதான் பட்டிருக்கு."