செக்கைச் சுற்றிய சுண்ணாம்புக் கோடு

ராஜாவின் பல்லக்கு வந்தால் தெருவே ஒதுங்கி வழிவிட்ட காலத்தில், தும்பையூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் வீரணன் என்று ஓர் எண்ணெய் வாணிகன் இருந்தான். வீரமெல்லாம் பெயரோடு சரி. கடன் கொடுத்தவர் குரல் கேட்டால் எள் மூட்டைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வான்.

அவனுக்கு ஒரு மரச்செக்கு இருந்தது. செக்கை இழுக்க ஒரு மாடு இருந்தது. அதன் பெயர் மணியக்காரர். ஊர் வரி வசூலிக்கிற அதிகாரி மாதிரி வயிற்றை முன்னால் விட்டு மெதுவாக நடப்பதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். வைத்த பிறகு மரியாதை இல்லாமல் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. "மணியக்காரர் தண்ணி குடிச்சாரா?" என்றுதான் வீரணனின் மனைவி அன்னக்கொடி கேட்பாள். செக்கும் மாடும்தான் அவர்களுடைய சொத்து, சோறு, எல்லாம்.

ஒரு வருஷம் மழை விடாமல் பெய்து, வாங்கி வைத்திருந்த எள் முழுக்க முளைவிட்டுப் போனது. வீரணன் கடன் வாங்கினான். ஒருவரிடம் அல்ல, மூவரிடம்.

எள் வியாபாரி தாண்டவனுக்கு நாற்பது பணம் பாக்கி. அதற்கு வட்டி கிடையாது. ஆனால் தாண்டவன் பாக்கியைக் கேட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

அடகுக்கடை குழந்தைவேலருக்கு அறுபது பணம் பாக்கி. அதற்கு மாதம் மூன்று பணம் வட்டி. அவர் கத்தமாட்டார். எதிரே வந்து நின்று பெருமூச்சு விடுவார்.

பூக்காரி வடிவாச்சிக்கு இருபது பணம் பாக்கி. அதற்கு மாதம் நான்கு பணம் வட்டி. அவள் கத்தவும் மாட்டாள், பெருமூச்சும் விடமாட்டாள். "மெதுவாக் குடுங்கண்ணே, பணம் எங்க போகப்போகுது" என்று சிரித்து, அன்னக்கொடிக்கு ஒரு முழம் மல்லிகையும் கொடுத்தனுப்புவாள்.

கையில் காசு வந்தால் வீரணன் யாருக்குக் கொடுத்தான் என்று நினைக்கிறீர்கள்? கத்துகிறவனுக்குக் கொடுத்தான். வட்டியே இல்லாத கடனைக் கட்டிவிட்டு, அடுத்த வாரம் அவனிடமே மறுபடியும் எள் கடன் வாங்கினான். சிரிக்கிறவளுடைய கடன் மல்லிகை வாசத்தோடு வளர்ந்து வளர்ந்துதான் இருபதுக்கு வந்திருந்தது.

இதற்குள் நீங்கள் மூன்றையும் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். வீரணன் கூட்டவில்லை. அவனை மட்டும் குறை சொல்லக்கூடாது, அந்த ஊரில் யாருமே கூட்டமாட்டார்கள். கடன் தொகையைக் கூட்டி வாய்விட்டுச் சொன்னால், கடன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு இரண்டு மடங்காகிவிடும் என்று தும்பையூரில் ஒரு நம்பிக்கை. படித்தவர்களும் நம்பினார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். வீரணன் கட்டிய பெண்டாட்டியிடம்கூடத் தொகையைச் சொன்னதில்லை.

அந்த ஊரில் ஒரு சட்டமும் இருந்தது. கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவரை எங்கே பிடிக்கிறாரோ அங்கேயே நிறுத்தி, சுற்றிலும் சுண்ணாம்பால் கோடு போட்டுவிடலாம். கோடு போட்டவர் சம்மதிக்காமல் அதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சொத்து முழுவதும் ஏலத்துக்குப் போகும்.

ஒருநாள் காலையில் தாண்டவன் சந்தைக்கு நடுவில் வீரணனைப் பிடித்தான். பிடித்ததும் கோடு போட்டான். சுண்ணாம்பு செலவாகிறதே என்று சின்னதாகப் போட்டான். வீரணன் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் நிற்க முடிந்தது.

செய்தி குழந்தைவேலருக்குப் போனது. அவர் வந்து பெருமூச்சு விட்டு, தாண்டவன் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு போட்டார். அளவு பிசகாமல் கயிறு பிடித்துப் போட்டார்.

செய்தி வடிவாச்சிக்கும் போனது. அவள் எல்லாவற்றுக்கும் வெளியே மூன்றாவது கோட்டைப் போட்டு, ஓரமெல்லாம் தாமரைக் கோலம் இழுத்து, நடுநடுவே பூவும் வைத்தாள். "நிக்கிற எடம் லட்சணமா இருக்கட்டும்ண்ணே" என்றாள்.

வீரணன் மூன்று கோட்டுக்கு நடுவில் கொக்கு மாதிரி நின்றான். அவனுக்கு யோசனை சொல்ல ஊரே வந்தது.

முதலில், பக்கத்து ஊர் வட்டிக்காரன் ஒருவன் புதுச் சுண்ணாம்புச் சட்டியோடு வந்தான். "மூணு பேருக்கும் நான் குடுத்துடறேன். எனக்கு இரட்டை வட்டி, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து நாலாவது கோட்டைத் தொடங்கினான். வீரணன் கும்பிட்டு அனுப்பிவைத்தான்.

அடுத்து, முடிதிருத்துகிறவர் வந்தார். "மூணு பேரும் சாப்பிடப் போற நேரத்துல ஓடிப்போயிரு" என்றார். வீரணனுக்கு ஆசைதான். ஆனால் கோட்டைத் தாண்டினால் மணியக்காரர் ஏலத்துக்குப் போவாரே என்று நினைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கடைசியாக, கூடை முடைகிறவர் வந்தார். அவர் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். "கோட்டைத் தாண்டக்கூடாதுன்னுதானப்பா சட்டம் சொல்லுது. கோடு நடக்கக்கூடாதுன்னு எங்கயாவது சொல்லியிருக்கா?" என்றார்.

கூடைக்காரர் மூங்கிலைப் பிளந்து மூன்று வளையம் செய்தார். சின்னது, நடுத்தரம், பெரியது. தரையில் இருந்த கோட்டுச் சுண்ணாம்பையே வழித்து மூன்றுக்கும் பூசி, கயிறு கட்டி, வீரணன் தோளில் தொங்கவிட்டார். பெரிய வளையத்தில் தாமரையும் வரைந்தார். வீரணன் கோட்டுக்குள் இருந்தபடியே வீட்டுக்கு நடந்து போனான். கடன் கொடுத்த மூவரும் பின்னாலேயே போனார்கள். சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் வளையம் வாசலில் நுழையவில்லை. வீரணன் வீட்டுக்கு வெளியே நின்றான். அன்னக்கொடி ஒரு நீளக் கழியின் நுனியில் அகப்பையைக் கட்டி அதில் கஞ்சியை நீட்டினாள். பாதிக் கஞ்சி தாமரையில் கொட்டியது.

செக்கடிக்குப் போனால் வளையம் நுகத்தடியில் மாட்டிக்கொண்டது. மணியக்காரர் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். செக்கு நின்றது, எண்ணெய் நின்றது. வட்டி மட்டும் நிற்கவில்லை.

இருந்தாலும் ஊருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. மூன்றே நாளில் கடன் வாங்கியவரெல்லாம் வளையத்தோடு நடக்க ஆரம்பித்தார்கள். தச்சனுக்கு இரண்டு, நெசவாளிக்கு நான்கு. மாடிவீட்டு மிராசுதாருக்குப் பதினொன்று. அவருக்குக் கடன் இருப்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. வளையத்தைப் பலபேர் கூடைக்காரரிடம் கடனுக்கு வாங்கியதால், அந்தக் கடனுக்காக ஆளுக்கு இன்னொரு வளையம் மாட்டவேண்டியதாயிற்று. இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நாலாம் நாள் ராஜாவின் பல்லக்கு வீரணனின் தெரு வழியாக வந்தது. தெரு ஒதுங்கவில்லை. ஒதுங்க இடம் இல்லை. மிராசுதாரின் பதினோராவது வளையத்துக்கும் நெசவாளியின் நாலாவது வளையத்துக்கும் நடுவில் பல்லக்கு சிக்கிக்கொண்டது. ராஜா இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வளையங்களுக்குக் கீழே குனிந்து குனிந்து வந்தார்.

"இதை முதலில் மாட்டியவன் யார்?" என்றார்.

ஊர் மொத்தமும் வீரணனைக் காட்டியது.

"மூன்று கேள்வி கேட்கிறேன். ஒழுங்காகப் பதில் சொன்னால் உன் கடனுக்கு வழி பிறக்கும். சொல்லாவிட்டால் இன்று சாயங்காலமே செக்கும் மாடும் ஏலம்" என்றார் ராஜா. "முதல் கேள்வி. உன் செக்கில் ஒரு நாளைக்கு என்ன கிடைக்கும்?"

"எள்ளுக்குக் குடுத்தது போக ரெண்டு பணம், மகாராஜா. ஒரு பணம் வீட்டுக்கும் மணியக்காரருக்கும் போயிரும். ஒரு பணம் மிஞ்சும். செக்கு ஓடினா மிஞ்சும். நான் ஒளிஞ்சுக்கிட்ட நாளெல்லாம் ஓடல."

"இரண்டாவது கேள்வி. யாருக்கு என்ன வட்டி?"

அதையும் சொன்னான்.

"மூன்றாவது கேள்வி. மொத்தக் கடன் எவ்வளவு?"

தச்சன் தரையைப் பார்த்தான். நெசவாளி வானத்தைப் பார்த்தான். மிராசுதார் தம் வளையங்களை எண்ணுவதுபோல் பாவனை செய்தார். ராஜாவுக்குப் பின்னால் நின்ற கஜானாக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சொன்னா ரெண்டு மடங்காயிரும், மகாராஜா" என்றான் வீரணன் மெல்ல.

"சொல்லாததால் குறைந்ததா?"

வீரணன் மணியக்காரரைப் பார்த்தான். வீட்டு வாசலில் கழியைப் பிடித்தபடி நின்ற அன்னக்கொடியைப் பார்த்தான். அவளுக்கு முன்னால் சொல்வதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. விரலை மடக்கினான்.

"நூத்தி இருபது" என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. நூற்று இருபது நூற்று இருபதாகவே இருந்தது.

அன்னக்கொடி கழியைக் கீழே போட்டாள். "நூத்தி இருபதுதானா? நான் ஐநூறு இருக்கும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வருஷமா என் தொண்டையில சோறு எறங்கல. இத ஏன் எங்கிட்டச் சொல்லல நீங்க?"

ஐநூறு பணம் கடனை அவள் ஒருத்தி தனியாகச் சுமந்திருக்கிறாள். அதில் முந்நூற்று எண்பது இல்லவே இல்லாத கடன். அது வீரணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் ராஜாவைக் கும்பிட்டுவிட்டுக் கடன் கொடுத்தவர்கள் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்க. செக்கையும் மாட்டையும் ஏலம் விட்டா எவ்வளவு வரும்?"

தாண்டவன் மணியக்காரரின் வயிற்றைப் பார்த்தான். "செக்குக்கு நாப்பது. இவருக்கு இருபதுக்கு மேல எவனும் தரமாட்டான்" என்றான்.

"அப்ப உங்களுக்குப் பாதிதான் வரும். முழுசும் வேணும்னா இந்த மூணு கோட்டையும் அழிச்சிருங்க. செக்கச் சுத்தி மூணு பேரும் சேர்ந்து ஒரே கோடு போடுங்க. இவரு அதுக்குள்ளயே நின்னு எண்ணெய் ஆட்டட்டும். விக்கிற வேலைய நான் பாத்துக்கறேன். தினம் சாயங்காலம் ஒரு பணம் கோட்டு மேல வச்சிருப்போம்."

"அந்த ஒரு பணம் முதல்ல யாருக்கு?" என்று மூன்று தெருவுக்குக் கேட்கும்படி கேட்டான் தாண்டவன்.

"வடிவாச்சிக்கு. மாசம் நாலு பணம் திங்கிற கடன் அதுதான். அடுத்தது அடகுக்கடைக்கு. உங்களுக்கு வட்டி இல்லண்ணே, நீங்க கடைசி."

தாண்டவன் கத்தினான். யாரும் பயப்படவில்லை. கத்தக் கத்த நாற்பது பணம் நாற்பது பணமாகவே இருப்பதை அவனே கவனித்து, நிறுத்திக்கொண்டான். குழந்தைவேலர் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார். வடிவாச்சியின் முகத்தில்தான் அன்று சிரிப்பு இல்லை. கடன் சீக்கிரம் தீர்வது அவளுக்குத்தான் நஷ்டம். ஆனாலும் ராஜா பார்த்துக்கொண்டிருந்ததால் அவளும் தலையாட்டினாள்.

வீரணனின் மூன்று வளையங்களையும் வெட்டி அடுப்பில் போட்டார்கள். செக்கைச் சுற்றி மூவரும் குனிந்து ஒரே கோடாகப் போட்டார்கள். மணியக்காரர் எழுந்து, வயிற்றை முன்னால் விட்டு, நடக்கத் தொடங்கினார்.

இருபத்து நான்காம் நாள் வடிவாச்சியின் கடன் தீர்ந்தது. அதற்குப் பிறகு மல்லிகை வரவில்லை. அடுத்த எழுபது நாளில் குழந்தைவேலரின் முதலும் வட்டியும் தீர்ந்தன. அதற்கடுத்த நாற்பது நாளில் தாண்டவனின் கடன் தீர்ந்தது. கடைசிப் பணத்தை வாங்கும்போது அவன் குரல் பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை.

ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொகைகள் வாய்விட்டு வெளியே வந்தன, வளையங்களும் ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போயின. ராஜாவும் ஒருநாள் கஜானாக்காரரைக் கூப்பிட்டு அரண்மனையின் மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டாராம். கஜானாக்காரர் மயங்கி விழுந்தாராம். தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடியும் கேட்டாராம்.

நூற்று முப்பத்தைந்தாம் நாள் காலையில், சட்டப்படி கோட்டை அழிக்க மூவரும் துடைப்பத்தோடு வந்தார்கள். வந்தவர்கள் செக்கைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். அழிக்கக் கோடு இல்லை. மணியக்காரர் தினமும் அதன் மேலேயே நடந்து நடந்து, குளம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, எப்போதோ அழித்துவிட்டிருந்தார்.

"எத்தன நாளாப்பா இப்படி இருக்கு? கோடு போனது தெரிஞ்சுமா நீ உள்ளயே நின்ன?" என்று கேட்டார் குழந்தைவேலர்.

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றான் வீரணன். "கணக்குத் தெரிஞ்சதுக்கப்புறம் ஓடணும்னே தோணலங்க."

அவன் செக்கடியிலிருந்து கிளம்பி, கோடு இருந்த இடத்தைத் தாண்டி, வீட்டு வாசலுக்குள் நுழைந்து, அன்னக்கொடியின் எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அவளும் குடித்தாள்.

இதைக் கேட்டவர்களே, கடன் கழுத்துவரை வந்தவன் மொத்தத் தொகையை முதலில் தன் வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லி, கத்துகிற கடனுக்குப் பயப்படாமல் வளருகிற கடனை முதலில் கட்ட வேண்டும்.